கஞ்சியும் வேட்டியும் ஒரே சரக்கு

கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்தி வேட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு வேதியியலாளரைக் கேட்டால், குளுக்கோஸ் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். நூலும் குளுக்கோஸ்தான், நூலின்மேல் விறைத்து நிற்கும் கஞ்சியும் குளுக்கோஸ்தான். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்து நிற்பவை இரண்டும். ஆனால் கஞ்சியைக் குடித்தால் அரை மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். வேட்டியைத் தின்று பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். துணிந்தாலும் ஒரு கலோரிகூடத் தேறாது.

கோத்திருக்கும் விதத்தில் இருக்கிறது வித்தியாசம். கஞ்சியில், அதாவது மாவுச்சத்தில், அடுத்தடுத்த குளுக்கோஸ்கள் 'ஆல்ஃபா' என்று பெயரிட்ட கோணத்தில் இணைகின்றன. சங்கிலி சுருள் சுருளாக வளைகிறது. பஞ்சில் இருக்கும் செல்லுலோஸில் அந்த இணைப்பு 'பீட்டா'. ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டி இறுகிக்கொள்கிறது. நம் எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி ஆல்ஃபா இணைப்பை மட்டுமே அறுக்கும். பீட்டாவைத் தொடாது. மாடு வைக்கோலைத் தின்று பால் கறக்கிறதே என்று கேட்கலாம். அது மாட்டின் திறமை இல்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் திறமை. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பயான், 1833இல் பெர்சோஸ் என்பவரோடு சேர்ந்து, முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். ஐந்தாண்டு கழித்துச் செல்லுலோஸை அடையாளம் கண்டவரும் அவரே. உடைப்பதையும் உடையாததையும் ஒரே ஆள் கண்டுபிடித்தது அறிவியல் வரலாற்றில் எனக்குப் பிடித்த தற்செயல்களில் ஒன்று.

கார்போஹைட்ரேட் என்றதும் இன்று பலருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது: எத்தனை கிராம்? மருத்துவர் தரும் உணவுப் பட்டியலிலும் பொட்டலத்தின் பின்பக்க அட்டவணையிலும் அந்த எண்தான் இருக்கிறது. அது முக்கியமான எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ரஸ்னா, ரவா, ராஜ்மா எல்லாம் அடங்கிவிடுகின்றன. குளுக்கோஸ் எந்த வடிவில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் அவிழ்கிறது, குடலின் எந்தப் பகுதியில் அவிழ்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

குடும்பத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் உணவில் முக்கியமான தனிச் சர்க்கரைகள் மூன்று: குளுக்கோஸ், பழத்திலும் தேனிலும் உள்ள ஃபிரக்டோஸ், பாலில் மறைந்திருக்கும் காலக்டோஸ். இவை இரண்டிரண்டாகச் சேர்ந்தால் இரட்டைச் சர்க்கரை. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தது சுக்ரோஸ். டீயில் போடும் வெள்ளைச் சர்க்கரை அதுதான். வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி அதுவேதான். கொஞ்சம் தாது உப்பும் நல்ல மணமும் கூடுதலாக உண்டு. ஆனால் 'நாட்டு' என்ற அடைமொழியைப் பார்த்துக் கணையம் சலுகை காட்டுவதில்லை. பனங்கற்கண்டு இன்னும் ஒரு படி மேல்: படிகமாகத் திரண்டு வரும்போதே பெருமளவு தூய சுக்ரோஸாகிவிடுகிறது. சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். ஒரு 300 மில்லி கோலா பாட்டிலிலேயே 30 கிராமுக்கு மேல் போய்விடும்.

குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தால் பாலின் லாக்டோஸ். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் இருக்கிறது. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி, பால்குடி மறந்த பிறகு உலகின் பெரும்பாலான மனிதர்களுக்குக் குறைந்துவிடுகிறது. வளர்ந்த பின்னும் குறையாமல் வைத்திருக்கும் மரபணு மாற்றம், கால்நடையோடு வாழ்ந்த வட ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்க மேய்ச்சல் மக்கள் சிலரிடமும் பரவலாக உண்டு. இந்தியாவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அது அரிதாகிறது. ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு இரையும் ஆளுக்கு மோர் ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது: உறை ஊற்றிய பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று தீர்த்துவிடுகிறது, தன் நொதியையும் தயிரிலேயே விட்டுவைக்கிறது.

இனி சோறு. நம் தட்டில் பெரும்பங்கு வகிப்பதால் அதில் கொஞ்சம் நின்று பார்ப்பது நியாயம்.

மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் கலந்திருக்கின்றன. அமைலோஸ் ஏறக்குறைய கிளையே இல்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் இருபது முப்பது குளுக்கோஸுக்கு ஒருமுறை கிளைவிட்டுப் பரந்தது. தழைத்த அகத்தியில் ஒரே நேரத்தில் பத்து ஆடு வாய்வைக்கலாம், ஒற்றைக் கொம்பில் முடியாது, நொதிகளுக்கும் அப்படித்தான். அமைலோபெக்டின் வேகமாகக் கரைகிறது, இறுகிச் சுருண்ட அமைலோஸ் தாமதிக்கிறது. சாதாரண அரிசியில் அமைலோஸ் கால்பங்கு அளவில் இருக்கும். அது கூடுதலாக உள்ள ரகம் வெந்தால் உதிர் உதிராக நிற்கும், குறைந்த ரகம் குழையும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வது அமைலோபெக்டின் மிகுந்திருப்பதால்தான். அதன் கருநிறத் தவிட்டில் நல்ல பொருள்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து 'சுகருக்கு நல்லது' என்று கிலோ கணக்கில் வாங்குகிறவர்கள் இந்த ஒட்டும் குணத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிளறினால் யோசிக்கவே வேண்டாம்.

அரிசியின் மாவுச்சத்து பச்சையாக இருக்கும்போது இறுகிய படிகத் துகள்களாக இருக்கிறது. நீரோடு கொதிக்கும்போது, அரிசி ரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள், துகள் நீரை உறிஞ்சி உப்பி உடைகிறது. சமையல் என்பதன் பாதி வேலை இதுதான். வெந்த சோறு ஆறும்போது சில சங்கிலிகள், முக்கியமாக அமைலோஸ், மறுபடி நெருங்கி இறுகுகின்றன. அந்த இறுக்கத்தில் சிக்கிய பகுதியை நம் நொதி உடைக்க முடியாது. சிறுகுடலில் செரிக்காமல் நழுவிப் போகும் இந்தப் பங்குக்கு, எதிர்க்கும் மாவுச்சத்து என்று பொருள்படும் பெயரை 1980களின் தொடக்கத்தில் ஹான்ஸ் எங்லிஸ்ட் என்ற ஆய்வாளர் வைத்தார்.

பழைய சோற்றைப் பற்றி இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமைகளுக்கு அடிப்படை இதுதான். அடிப்படை உண்மை; பெருமைதான் கொஞ்சம் அதிகம். இந்தோனேசியாவில் செய்த ஓர் அளவீட்டில், அப்போதுதான் வடித்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் இந்த வகை மாவுச்சத்து 0.64 கிராம் இருந்தது. 24 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுபடி சூடாக்கிய பிறகு 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பிரமாதமாக ஒலிக்கும். ஆனால் அந்த 100 கிராம் சோற்றில் மொத்தக் கார்போஹைட்ரேட் 28 கிராம் அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீராகாரத்தில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சின்ன வெங்காயமும் தரும் நன்மை வேறு கணக்கு. கஞ்சியை வடித்துவிட்டால் சோற்றில் சர்க்கரை போய்விடும் என்ற நம்பிக்கையும் இதே ரகம்: கொஞ்சம் மாவுச்சத்து வடிநீரோடு போகிறது, மிச்சமெல்லாம் தட்டுக்கே வருகிறது.

புழுங்கல் அரிசியின் கதைதான் இதையெல்லாம்விடப் பெரியது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகே குத்துவது நம் வழக்கம். அவிக்கும்போது உமிக்குள்ளேயே மாவுச்சத்து ஒருமுறை வெந்து, காயும்போது இறுகிக்கொள்கிறது. அதனால் சோறு செரிக்கும் வேகம் ஓரளவு குறையும். அதைவிட முக்கியமானது, தவிட்டில் இருக்கும் தயாமின் என்ற பி1 வைட்டமின் நீரோடு சேர்ந்து மணியின் உள்ளே இறங்குவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனபோது, அதே நாட்டில் புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை என்பதை பிராடன் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலும் தந்து பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பலருக்கு நோய் வந்தது, பலர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்தத் துயரம் இல்லை. 1907இல் அதை வெளியிட்டார். இன்றைய நெறிமுறைப்படி அப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

இது வைட்டமின் கதைதானே, கார்போஹைட்ரேட்டுக்கு என்ன தொடர்பு என்றால், நேரடித் தொடர்பு. குளுக்கோஸைக் கடைசிவரை எரித்துச் சக்தியாக்கும் வேதிப்படிகளில் தயாமின் இல்லாமல் நகராத படி ஒன்று உண்டு. நெல் தன் மாவுச்சத்தையும் அதை எரிக்கத் தேவையானதையும் ஒரே உமிக்குள் வைத்திருக்கிறது. ஆலையில் தீட்டும்போது முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மாட்டுக்குப் போட்டோம்.

சோறு உள்ளே போன பிறகு நடப்பதைப் பார்ப்போம். ஒருவர் உடலில் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது, 100 மில்லிக்கு 90 மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் வெறும் நாலரை கிராம். ஒரு தேக்கரண்டி. கால் கிலோ சோறு கொண்டுவருவதோ 70 கிராம். இந்த வெள்ளத்தை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடியவைக்கும் பொறுப்பு இன்சுலினுடையது. கல்லீரல் சுமார் 100 கிராமும் தசைகள் சுமார் 400 கிராமும் கிளைகோஜனாகச் சேமிக்கும். கிளைகோஜன் அமைலோபெக்டினைவிட நெருக்கமாகக் கிளைத்தது, அவசரத்துக்கு உடனே அவிழும்படி அமைந்தது. 1857இல் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் அதைக் கல்லீரலிலிருந்து பிரித்தார். சேமிப்பிடம் நிரம்பிவிட்டால், உடலுழைப்பும் இல்லாவிட்டால், மிஞ்சியது கொழுப்பாகிறது. மூளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். இரவு முழுக்க நாம் தூங்கினாலும் அது பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல்.

சாப்பிட்ட பின் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அளக்க, டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981இல் கிளைசீமிக் குறியீட்டை அறிமுகம் செய்தது. தூய குளுக்கோஸ் 100. பொன்னி, சோனா மசூரி போன்ற நம் தீட்டிய அரிசிகள் 70ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கின்றன. பருப்பு வகைகள் மிகக் கீழே. இந்தக் குறியீட்டை வேதம்போல் ஓதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஐஸ்கிரீமுக்கும் குறியீடு குறைவுதான், கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால். ஃபிரக்டோஸுக்கும் குறைவுதான். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றாமல் பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குப் போய், அளவு மீறினால் அங்கேயே கொழுப்பாகப் படியும்.

உணவின் கட்டுமானம் என்ன செய்கிறது என்பதை இங்கிலாந்தில் 1977இல் செய்த ஓர் எளிய சோதனை காட்டியது. ஆப்பிளை முழுதாகவும் கூழாகவும் சாறாகவும், கார்போஹைட்ரேட் அளவு மாறாமல், பத்துப் பேருக்குக் கொடுத்தார்கள். சாறு, முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகத்தில் உள்ளே இறங்கியது. பசி அடங்கியது முழுப் பழத்தில்தான் அதிகம். சாறுக்கு இன்சுலின் உயரமாக எழுந்தது. பிறகு சர்க்கரை, தொடங்கிய அளவுக்கும் கீழே சரிந்தது. ஆப்பிளுக்குப் பொருந்துவது தானியத்துக்கும் பொருந்தும். முழு மணி வேறு, ரவை வேறு, மாவு வேறு.

சிறுதானிய அலையில் அடிபட்டுப்போவது இந்த விஷயம்தான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்நின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது: இந்தியர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் கார்போஹைட்ரேட். தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும், மொத்த அளவு குறையாதவரை, நீரிழிவு வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. கலோரியில் 5 சதவீதத்தைக் கார்போஹைட்ரேட்டிலிருந்து எடுத்து பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினால் வாய்ப்பு குறைவதாகக் கணக்கு காட்டியது. ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழை வயலில் நாள் முழுக்க உழைத்தவர் குடித்ததும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் குடிப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுகோடியில் பேலியோக்காரர்கள் இருக்கிறார்கள். கார்போஹைட்ரேட்டே தேவையில்லை என்பார்கள். கண்டிப்பான வேதியியலில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு: இன்றியமையாத அமினோ அமிலம் உண்டு, இன்றியமையாத கொழுப்பு அமிலம் உண்டு, இன்றியமையாத சர்க்கரை என்று ஒன்று கிடையாது. தேவையான குளுக்கோஸைக் கல்லீரல் புரதத்திலிருந்தே செய்துகொள்ளும். ஆனால் அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்டோரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், கலோரியில் 50 முதல் 55 சதவீதம் கார்போஹைட்ரேட் உண்டவர்களிடம்தான் இறப்பு மிகக் குறைவு. அதற்கு மேலே போனாலும் கூடியது, கீழே போனாலும் கூடியது. கார்போஹைட்ரேட்டைக் குறைத்த இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களுக்கு ஒரு விளைவு, பருப்பாலும் கொட்டைகளாலும் நிரப்பியவர்களுக்கு வேறு விளைவு. பின்னவர் பாடு நன்றாகவே இருந்தது.

அதோடு, குடலில் நமக்குச் செரிக்காத கார்போஹைட்ரேட்டுக்குப் பந்தி காத்திருப்பவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகள். அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிள்ளைக்குச் செரிக்காத பொருளைத் தாயின் உடல் ஏன் இவ்வளவு செலவழித்துச் செய்கிறது? குழந்தையின் பெருங்குடலில் வளரும் பைஃபிடோபாக்டீரியாவுக்கு அது உணவு. நோய்க்கிருமிகள் குடல்சுவரில் ஒட்டாமல் தடுப்பதும் அதன் வேலை. மொச்சையும் கடலையும் உண்டால் வாயு வருவதும் இதே வகை வேதியியல்தான்: ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை, பெருங்குடல் பாக்டீரியாவிடம் இருக்கிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் அதில் ஒரு பங்கு போய்விடும்.

நார்ச்சத்தையும் எதிர்க்கும் மாவுச்சத்தையும் பாக்டீரியா நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டைக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள். ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது மலச்சிக்கலுக்காக மட்டுமல்ல.

இந்த வேதியியலை வைத்து வேலூரில் ஒரு காரியம் செய்தார்கள். வாந்திபேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடிப்படை, சிறுகுடலில் குளுக்கோஸ் உள்ளே நுழையும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துச் செல்கிறது, நீர் பின்னாலேயே போகிறது என்பது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனோபிஸ் அதைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். ஆனால் அந்தக் கரைசல் நீரிழப்பை ஈடுகட்டுமே தவிர, பேதியைக் குறைக்காது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல், இன்னொன்றுக்கு அதோடு அரிசி மாவு, மூன்றாவதுக்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம், அமைலோஸ் மிகுந்த, செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து. 2000இல் அந்த முடிவு வெளியானது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது, செரிக்காத மாவுச்சத்து குடித்தவர்களுக்கு 57 மணி நேரம். சிறுகுடலில் அகப்படாமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்க் குட்டைக் கொழுப்பு அமிலங்களாகி, காலரா நச்சு முடக்காத இன்னொரு வழியில் சோடியத்தையும் நீரையும் உடலுக்குள் திருப்பி அனுப்பியது.